யூகேஜி பொண்ணு, பக்கத்துல ஒரு குழந்தை அழுதா கண்டுக்கவே மாட்டேங்குறா. இந்த வயசுக்கு சகஜமா?

காவேரிப்பட்டணம்_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு 5 வயசு முடிஞ்சுது, தனியார் ஸ்கூல்ல யூகேஜி. ஒரே குழந்தை. படிப்புல சூட்டிகை, ரைம்ஸ் எல்லாம் கடகடன்னு சொல்லுவா. ஆனா போன வாரம் எதிர் வீட்டு பர்த்டேல ஒரு சின்னப் பாப்பா வாசப்படி தடுக்கி விழுந்து முட்டி தேஞ்சு ரத்தமே வந்துருச்சு, எல்லாரும் ஓடுறோம், இவ அந்தப் பாப்பாவைத் தாண்டிப் போயி "கேக் எப்ப வெட்டுவாங்க"ன்னு கேக்குறா. எங்க மாமியார் அங்கயே "கல்நெஞ்சுக்காரி"ன்னு சொல்லிட்டாங்க, எனக்கு அதுதான் மனசுல நிக்குது. ஸ்கூல் டைரிலயும் "ஷேர் பண்ண மாட்டேங்குறா"ன்னு எழுதி அனுப்பினாங்க. அவங்க அப்பா பெங்களூர்ல வேலை, சனிக்கிழமை ராத்திரி தான் வருவாரு, அதனால பெரும்பாலும் நான், மாமியார், இவ மூணு பேரு தான் வீட்டுல. இது வயசுக்கு சகஜமா, இல்ல நாம ஏதாச்சும் செய்யணுமா? "சாரி சொல்லு, சொல்லு"ன்னு கட்டாயப்படுத்தலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஓசூர்_கேஜி_மிஸ்
முதல்ல பயப்படாதீங்க மேடம். ரெண்டாவது, "கல்நெஞ்சு"ங்கற வார்த்தை குழந்தை காதுல இனிமே விழக்கூடாது. இந்த வயசுல நாம வைக்குற பேரை அப்படியே எடுத்துக்குவாங்க, அப்புறம் அந்த பேருக்குத் தகுந்த மாதிரியே நடப்பாங்க.

வீட்டுல ஒண்ணு செஞ்சு பாருங்க. பிஸ்கட் டப்பாவுல பிஸ்கட்டை எடுத்துட்டு பட்டாணி போட்டு மூடி வைங்க. "உள்ள என்ன இருக்கும்?"னு கேளுங்க, பிஸ்கட்ம்பா. திறந்து காட்டி மூடிட்டு, "இப்ப பாட்டி வந்து டப்பாவைப் பாத்தா உள்ள என்ன இருக்குன்னு நினைப்பாங்க?"ன்னு கேளுங்க. 3 வயசுக் குழந்தை பெரும்பாலும் "பட்டாணி"ன்னு தான் சொல்லும், ஏன்னா தனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு அதுக்கு நினைப்பு. 4, 5 வயசுல தான் "பாட்டி பிஸ்கட்னு நினைப்பாங்க"ன்னு பதில் வர ஆரம்பிக்கும். இந்த மாதிரி சோதனையை 1980கள்லயே மனோதத்துவக்காரங்க நிறைய பண்ணிட்டாங்க. அடுத்தவங்க மனசுக்குள்ள வேற ஒண்ணு ஓடுதுங்கறது புரியறதே இப்பதான் தொடங்குது, அதுல கேக் முன்னாடி இருக்கும்போது இன்னும் கஷ்டம்.

அதுக்காக இந்த குணம் குழந்தைங்களுக்கு இல்லைன்னு இல்ல. 2006ல ஜெர்மனியில வார்னெக்கன், டொமசெல்லோன்னு ரெண்டு பேரு 18 மாசக் குழந்தைங்க முன்னாடி துணி கிளிப்பைக் கீழ தவற விட்டுட்டு எட்டாத மாதிரி கையை நீட்டிக்கிட்டு நின்னாங்க. ஒருத்தரும் சொல்லாமலே நிறைய குழந்தைங்க எடுத்துக் குடுத்துச்சு. வேணும்னே தூக்கிப் போட்டப்ப எடுத்துக் குடுக்கல. அப்ப யாருக்கு உதவி தேவைன்னு அந்தக் குட்டிக்கே தெரியுது பாருங்க. உங்க பொண்ணுகிட்டயும் இருக்கு, வெளிய வர வழி தான் பண்ணணும்.

அரூர்_தாத்தா
வணக்கம்மா. எனக்கு ரிசர்ச் எல்லாம் தெரியாது, பேரப்புள்ளைங்களைப் பாத்துக்கறவன். ஒரே குழந்தை, ரெண்டு பெரியவங்கன்னு சொல்றீங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. அந்தப் புள்ளைக்கு தன்னை விட சின்னவங்க யாரையும் தூக்கிப் பழக்கம் இருக்காது. எங்க ஊட்டுல அக்கா தங்கச்சியை இடுப்புல வச்சிக்கிட்டே நொண்டி ஆடுவா. அதுக்காக எங்க காலம் தான் ஒசத்தின்னு சொல்ல மாட்டேன், எங்க காலத்துல புள்ளைங்க மனசுல என்ன இருக்குன்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல, அதையும் சேத்துத் தான் சொல்லணும்.

போன திருவிழாவுக்கு எங்க பக்கத்துல திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து. மறுநாள் காலையில களத்துல புள்ளைங்க அதையே ஆடுதுங்க, தலைக்கு அட்டையில கிரீடம், இடுப்புல துண்டு. பக்கத்து ஊட்டுப் பையன் துச்சாதனன், சின்னது ஒண்ணு பாஞ்சாலி. இவன் துண்டைப் புடிச்சு இழுத்ததும் அந்தச் சின்னது நெஜமாவே அழுதுருச்சு. பையன் அப்படியே நின்னுட்டான். துண்டைத் திரும்பக் கொண்டு போயி அது தோள்ல போட்டுட்டு "வெளையாட்டுக்கு தாண்டி, நீ வேணா இழு, நான் அழுவுறேன்"னான். அஞ்சரை வயசு இருக்கும் அவனுக்கு. நாங்க யாரும் வாய் தொறக்கல. சாயங்காலம் ஒரு மணி நேரம் தெருப் புள்ளைங்களோட விடுங்கம்மா, சின்னது பெருசு எல்லாம் கலந்து ஆடட்டும்.

பர்கூர்_அப்பா
மன்னிக்கணும், எனக்கு இதுல வேற கருத்து. என் பையனுக்கு 4 வயசு, விட்டுக்குடு, பகிர்ந்து சாப்பிடு, அடிக்காதேன்னு எல்லாம் நல்லா தான் சொல்லிக் குடுத்தோம். இப்ப என்ன ஆச்சு, வாரத்துல ரெண்டு நாள் கடி வாங்கிட்டு வர்றான், டிபன் பாக்ஸ்ல இருக்குறதை வேற யாரோ சாப்பிடுறாங்க, இவன் சும்மா நின்னுட்டு வர்றான். நான் "திருப்பி அடிடா"ன்னு சொல்லிட்டேன். நல்ல பிள்ளையா வளத்து அவனை அடி வாங்க விட முடியாதுங்க. இரக்கம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல தன்னைக் காப்பாத்திக்கத் தெரியணும்.

பென்னாகரம்_அங்கன்வாடி
நான் அங்கன்வாடியில வேலை செய்யறேன், பென்னாகரம் பக்கம். ரெண்டு பேருக்கும் சேத்து சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல அம்மாவுக்கு. எங்க சென்டர்ல மாசம் ஒரு தடவை எடை போடுவோம், தாய்மாருங்க கைக்குழந்தையைத் தூக்கிட்டு வருவாங்க. எடை பாக்குறப்ப முக்கால்வாசி கைக்குழந்தைங்க வீல்னு கத்தும். எங்க 3, 4 வயசு வாண்டுங்க சுத்தி வந்து நிக்கும். மொதல் தடவை பாத்தா காதைப் பொத்திக்கும், சிலது சிரிக்கும், சிலது அதுங்களும் சேந்து அழும். நான் அந்த நேரத்துல யாரையும் வெரட்ட மாட்டேன். "பாப்பா ஏன் அழுவுது?"ன்னு மட்டும் கேப்பேன். "பசிக்குது", "அம்மாவைக் காணோம்", "பயந்துருச்சு"ன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லும். "அப்ப நாம என்ன பண்ணலாம்?" அவ்வளவு தான். கொஞ்ச மாசத்துல பாத்தா ஒண்ணு கிலுகிலுப்பையைத் தேடிட்டு வரும், ஒண்ணு கால் பெருவிரலைத் தொட்டுத் தொட்டுப் பாக்கும், ஒரு பையன் தாய்கிட்ட போயி "அக்கா, தூக்கிக்கோங்க, அழுவுது"ன்னு அதட்டுவான். பசியோ பயமோ, பேர் வச்சு சொல்லத் தெரிஞ்சாலே புள்ளை பாதி தூரம் வந்த மாதிரி.

அதே மாதிரி வாரத்துல 3 நாள் முட்டை. ஓடு உரிக்கத் தெரியாத சின்னதுங்களுக்கு பெரிய புள்ளைங்க உரிச்சுக் குடுக்கணும்னு வச்சிருக்கோம். உரிக்கறதுல பாதி வெள்ளைக்கரு ஓட்டோடவே போயிரும், பரவால்ல. ஒரு வேலையை நம்பிக் குடுத்தா அதுங்களுக்கு வர்ற பெருமையே தனி. வீட்டுல உங்க பொண்ணுக்கு அந்த மாதிரி நெஜமான வேலை ஏதாச்சும் இருக்கா பாருங்க. பாட்டிக்கு மாத்திரை நேரத்துக்குத் தண்ணி கொண்டு வந்து குடுக்கறது, செடிக்கு ஊத்தறது, வாசல்ல காக்காவுக்கு சோறு வைக்கறது. விளையாட்டுக்குக் குடுக்காதீங்க, அவளை நம்பி இருக்குற வேலையா குடுங்க.

சாரி பத்தி. நான் கட்டாயப்படுத்த மாட்டேன். "சாரி"ன்னு கத்திட்டு அடுத்த நிமிஷம் திரும்பத் தள்ளிவிடுற புள்ளைங்களை தினமும் பாக்குறேன். அதுக்கு பதிலா தள்ளிவிட்டவளைக் கூட்டிட்டுப் போயி விழுந்தவ பக்கத்துல உக்கார வச்சு "அவ மூஞ்சியைப் பாரு, எங்க வலிக்குதுன்னு கேளு"ம்பேன். ஈரத்துணி கொண்டு வரச் சொல்லுவேன், தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லுவேன். கையால ஒண்ணு செஞ்ச பிறகு மனசு தானா வரும்.

பர்கூர் அண்ணாவுக்கு. உங்க கோவம் எனக்குப் புரியுது, பெத்த வயிறு தாங்காது. ஆனா 4 வயசுல திருப்பி அடிடான்னா அவன் கடிச்ச பையனைத் தேடி அடிக்க மாட்டான், கையில கெடைச்ச புள்ளையை அடிப்பான். எங்க சென்டர்ல சொல்லிக் குடுக்கறது இது: கையை முன்னாடி நீட்டி, சத்தமா "அடிக்காத! எனக்கு வலிக்குது!" வாய்க்குள்ள இல்ல, ரூமே திரும்பிப் பாக்குற மாதிரி. வீட்டுல நீங்களே அந்தக் கடிக்குற பையனா நடிச்சு அவனைச் சொல்ல வைங்க, திரும்பத் திரும்ப. விட்டுக்குடுக்கறதும் இரக்கமும் ஒண்ணு இல்லீங்க அண்ணா. தனக்கு வலிக்குதுன்னு சத்தமா சொல்லத் தெரிஞ்ச புள்ளைக்குத் தான் அடுத்தவனுக்கு வலிக்கும்னு புரியும்.

ஓசூர்_கேஜி_மிஸ்
அங்கன்வாடி அக்கா சொன்ன கைக்குழந்தை விஷயம் படிச்சு புல்லரிச்சுப் போச்சு. கனடாவுல டொராண்டோல 1996ல மேரி கார்டன்னு ஒரு அம்மா "ரூட்ஸ் ஆஃப் எம்பதி"ன்னு ஆரம்பிச்சாங்க, பக்கத்துல இருக்குற ஒரு கைக்குழந்தையை அதோட அம்மா அப்பாவோட வகுப்புக்கே வருஷம் பூரா அப்பப்ப கூட்டிட்டு வந்து, அது ஏன் அழுது, ஏன் சிரிக்குதுன்னு குழந்தைங்களைக் கண்டுபிடிக்க வைப்பாங்க. இப்ப பல நாட்டுல நடக்குது. பென்னாகரத்துல அது எடை போடுற நாள்ல நடந்துட்டு இருக்கு.

காவேரிப்பட்டணம்_அம்மா
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பட்டாணி விஷயம் செஞ்சு பாத்தேன் மிஸ், "பாட்டி பிஸ்கட்னு தான் நினைப்பாங்க, ஏமாந்துடுவாங்க"ன்னு சிரிச்சா. அப்ப புரியுது தானே? இன்னொரு சந்தேகம், ஸ்கூல்ல ஷேர் பண்ணினா ஸ்டார் ஒட்டுறாங்க, 10 ஸ்டாருக்கு ஒரு பென்சில். வீட்டுலயும் அதே மாதிரி சார்ட் போடலாமான்னு இருக்கேன்.

ஓசூர்_கேஜி_மிஸ்
அருமையா புரியுது மேடம், அடுத்து அந்தப் புரிதலை இரக்கத்துப் பக்கம் திருப்பணும். கதை சொல்லும்போது நடுவுல நிறுத்துங்க. பாட்டி வடை சுட்ட கதையில எல்லாரும் நரியோட கெட்டிக்காரத்தனத்துலயே முடிச்சுடுறோம். வடை போனதும் காக்காவுக்கு எப்படி இருந்துருக்கும், கடையில பாட்டிக்கு ஒரு வடை குறைஞ்சப்ப எப்படி இருந்துருக்கும்னு கேளுங்க. என் கிளாஸ்ல ஒரு குட்டி "நரிக்கும் பசி மிஸ்"னா. மூணு பேர் பக்கமும் நின்னு பாத்துட்டா பாருங்க.

ஸ்டார் சார்ட் வேண்டாம்னு தான் சொல்லுவேன். முன்ன சொன்ன அதே ரெண்டு பேரு 2008ல 20 மாசக் குழந்தைங்களை வச்சுப் பாத்தாங்க. உதவி செஞ்சதுக்கு பொம்மை பரிசா வாங்கின குழந்தைங்க அதுக்கப்புறம் பரிசு இல்லாதப்ப குறைவா தான் உதவி செஞ்சது. வாயால பாராட்டினதுலயும் ஒண்ணுமே குடுக்காததுலயும் அந்தக் குறைவு வரல. அதனால "வெரி குட், ஸ்டார்"ங்கறதுக்கு பதிலா "நீ க்ரேயான் குடுத்ததும் அவன் மூஞ்சி எப்படி மலர்ந்துச்சு பாத்தியா"ன்னு சொல்லுங்க. அவ பார்வை ஸ்டார்ல இல்லாம அந்தப் பையன் மூஞ்சியில போகணும்.

ஷேரிங் பத்தியும் ஒண்ணு. ஒரு குழந்தை சைக்கிள் ஓட்டிட்டு இருக்கும்போது பாதியில புடுங்கி இன்னொண்ணுக்குக் குடுக்கறது ஷேரிங் இல்ல, அது பெரியவங்க பண்ற பறிமுதல். எங்க கிளாஸ்ல "உனக்குப் போதும்னதும் அவகிட்ட போய் சொல்லு"ன்னு விட்டுடுவோம். காத்திருக்கற குழந்தை பக்கத்துல நான் நிப்பேன், "காத்திருக்கறது கஷ்டமா இருக்குல்ல"ன்னு சொல்லிட்டு. ஓட்டுற குழந்தை தானா எறங்கி வந்து "இந்தா, உன் டர்ன்"னு சொல்றப்ப அந்த மூஞ்சியில இருக்குற கம்பீரம் இருக்கே, அதுக்கு எந்த ஸ்டாரும் ஈடாகாது. 3 வயசுக் குழந்தைங்க பக்கத்துப் பக்கத்துல உக்காந்து தனித்தனியா விளையாடறதும் குறை இல்லைங்க, மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒருத்தர் 1932லயே எழுதி வச்சிருக்காங்க, சேந்து விளையாடறது அப்புறம் படிப்படியா வரும்.

பாலக்கோடு_டு_பெங்களூர்
நானும் வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வர்ற அப்பா தான், அதனால உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு சொல்றேன். என் பையன் அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்குற யூகேஜி (2019ல 2381 அங்கன்வாடில ஆரம்பிச்சாங்கல்ல, அதுல ஒண்ணு). ராத்திரி வீடியோ கால்ல முன்னாடி "என்ன எழுதின, என்ன சாப்ட்ட"ன்னு தான் கேப்பேன், அவனும் "ம்"னு போனை அம்மாகிட்ட குடுத்துருவான். இப்ப "இன்னிக்கு யார் அழுதாங்க? ஏன் அழுதாங்க? யார் சமாதானம் பண்ணாங்க?"ன்னு கேக்குறேன். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்குறான். ஒரு நாள் "அப்பா, நீ அங்க அழுவியா, உனக்கு யார் சமாதானம் பண்ணுவாங்க"ன்னு கேட்டான். எனக்கு பேச்சே வரல.

சூளகிரி_வீட்டுக்காரம்மா
எங்க காம்பவுண்ட்ல ஒடிசாவுல இருந்து வந்த ஒரு குடும்பம் குடி இருக்காங்க, அவரு கம்பெனி வேலை. எங்க பக்கம் உங்களுக்குத் தெரியும், ஒரு தெருவுலயே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஓடும், ஆனா அந்தப் பொண்ணுக்கு எதுவுமே தெரியாது, மாடிப்படியில உக்காந்து மத்த புள்ளைங்க ஆடறதைப் பாத்துட்டே இருக்கும். என் பேத்தி ஒரு நாள் என்ன பண்ணா, கல்லாங்கா அஞ்சையும் அது கையில திணிச்சுட்டு முன்னாடி உக்காந்துட்டா. பேச்சே இல்ல. இப்ப அந்தப் பொண்ணு என்னை "அவ்வா"ன்னு கூப்புடுது, என் பேத்தி அவங்க வீட்டுக்குப் போயி பொக்காளம் சாப்பிட்டு வர்றா, அது நம்ம பழைய சோறு மாதிரி தான் இருக்கு.

பாப்பிரெட்டிப்பட்டி_குரல்
இழையில எல்லாரும் நல்ல விஷயம் சொல்றீங்க. ஒண்ணு மட்டும் யாரும் தொடல, நான் தொடுறேன். நாம எவ்வளவு கதை சொன்னாலும், எவ்வளவு பொம்மை வச்சு நடிச்சுக் காட்டினாலும், வீட்டுல "அவங்க கூட சேராத", "அவங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்காத", "அந்தத் தெரு பக்கம் போகாத"ன்னு ஒரு வார்த்தை சொன்னா அத்தனையும் காலி. 5 வயசுப் புள்ளைக்கு சாதி தெரியாது. ஆனா அம்மா மூஞ்சி சுளிச்சது தெரியும். யாருக்காக இரக்கப்படணும், யாரைத் தாண்டிப் போகலாம்னு அந்தச் சுளிப்புலயே பாடம் படிச்சுக்கும். நம்ம மாவட்டத்துல இதைப் பேசாம இந்த விஷயத்தைப் பேச முடியாது.

மட்டுறுத்துநர்
நண்பர்களே, இழை குழந்தை வளர்ப்பு பத்தினது. அரசியல் பக்கம் போக வேண்டாம்னு கேட்டுக்கறேன்.

அரூர்_தாத்தா
ஐயா, அவரு அரசியல் பேசல. புள்ளை வளக்கறதைத் தான் பேசினாரு. அந்தப் பதிவு இருக்கட்டும். எங்க ஊட்டுலயும் என் மருமக இதுக்காகவே பெரியவங்ககிட்ட சண்டை போட்டு, பேரனோட கூட்டாளியை அடுப்பங்கரை வரைக்கும் கூட்டி வந்து தட்டு போட்டா. ராகிக் களியும் கீரைக் கொழம்பும் ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டானுங்க. இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

கிருஷ்ணகிரி_ஸ்பெஷல்_அம்மா
எனக்கு ஆட்டிசம் உள்ள பையன், அதனால ஒண்ணு சேத்துக்கறேன். கேள்வி கேட்ட அம்மாவோட பொண்ணுக்கு அப்படி எதுவும் இருக்குற மாதிரி எனக்குத் தோணல, நல்லா பேசறா, சிரிக்கறா. ஆனா படிக்கிற வேற யாருக்காச்சும் உதவும். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறதில்ல, கண்ணைப் பாக்கறதில்ல, ஒண்ணை விரல் நீட்டிக் காட்டறதில்ல, சொப்பு வச்சு சமைக்குற மாதிரி பாவனை விளையாட்டு இல்ல, இந்த மாதிரி இருந்தா "வளந்தா சரியாயிடும்"னு காத்திருக்காதீங்க. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆர்பிஎஸ்கேன்னு குழந்தைங்களைப் பரிசோதிக்கற அரசுத் திட்டத்தோட டாக்டர் குழு வருவாங்க, அவங்ககிட்ட காட்டுங்க, மேல பாக்கணும்னா மாவட்ட அளவுல இருக்குற ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதிக் குடுப்பாங்க.

இன்னொண்ணு. என் பையன் அழுவுற குழந்தைகிட்ட போய் கட்டிப்பிடிக்க மாட்டான். காதைப் பொத்திட்டு ஓடிருவான். அந்த சத்தம் அவனுக்குத் தாங்காது. கொஞ்ச நேரம் கழிச்சு தன்னோட பச்சைக் காரை கொண்டு போயி அந்தக் குழந்தை பக்கத்துல வச்சுட்டு வந்துருவான். அந்தக் காரை எங்க யாரையும் தொட விட மாட்டான். எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி காட்டாதுங்க, உங்க பொண்ணும் அன்னிக்கு ரத்தத்தைப் பாத்து பயந்து கேக் பக்கம் பேச்சை மாத்திருக்கலாம்.

காவேரிப்பட்டணம்_அம்மா
கடைசியா சொன்னதை நான் யோசிக்கவே இல்ல. ரத்தம்னா இவளுக்கு பயம் தான், ஊசி போடும்போது கூட சம்பந்தமே இல்லாம ஏதாச்சும் பேசிட்டே இருப்பா. மாமியார்கிட்ட இந்த இழையைப் படிச்சுக் காட்டினேன், கைக்குழந்தை எடை போடுறதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. பாட்டி மாத்திரைக்குத் தண்ணி குடுக்கற வேலையை இவளுக்கே விட்டுட்டோம்.

பர்கூர்_அப்பா
அங்கன்வாடி அக்கா, நீங்க சொன்ன மாதிரி நான் கடிக்குற பையனா நடிச்சேன், என் பையன் கத்தின கத்துல மாடில இருந்து எங்க அம்மா எறங்கி வந்துட்டாங்க. இவன் சத்தமா பேசியே நாங்க கேட்டதில்ல. ஆனா கடிக்கறது ஒரே பையன் தான், அவங்க அம்மாவை கேட்ல பாக்குறேன், நேரா கேட்டுரலாமா? இல்ல மிஸ்கிட்ட சொல்லணுமா? பிடிஏ மீட்டிங் அடுத்த மாசம் தான்.

பென்னாகரம்_அங்கன்வாடி
கேட்ல வேண்டாம் அண்ணா, நாலு பேர் முன்னாடி அந்தம்மா தலை குனிஞ்சா வீட்டுக்குப் போயி அந்தப் புள்ளைக்குத் தான் அடி விழும், மறுநாள் அது இன்னும் வேகமா கடிக்கும். மீட்டிங் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், நாளைக்கு சாயங்காலம் விடறப்ப மிஸ்கிட்ட 5 நிமிஷம் தனியா கேளுங்க. எந்த நேரத்துல கடிக்கிறான்னு கேளுங்க, சாப்பாட்டுக்கு முன்னாடியா, தூங்கறதுக்கு முன்னாடியா, பொம்மைக்கு அடிபிடி வரும்போதா. அந்த நேரத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பெரியவங்க உக்காந்தா போதும், முக்கால்வாசி நின்னுரும். 4 வயசுல கடிக்கறது பெரும்பாலும் பேச வார்த்தை கெடைக்காதப்ப தான், வீட்டுல புதுசா தம்பி பாப்பா பொறந்துருக்கலாம், அம்மா வேலைக்குப் போக ஆரம்பிச்சிருக்கலாம். முடிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை அந்தப் பையனை உங்க வீட்டுக்கு விளையாடக் கூப்பிடுங்க. உங்க கண்ணு முன்னாடி ஆடட்டும், வந்ததும் சாப்பிட ஏதாச்சும் குடுத்துட்டு ஆட விடுங்க.